நஞ்சுக்கொடி

பிள்ளை பிறந்த வீட்டு வாசலில் காத்திருக்கும் பெரியவர்கள், 'ஆணா, பெண்ணா?' என்று கேட்ட வாயோடு 'நஞ்சு விழுந்ததா?' என்றும் மருத்துவச்சியைக் கேட்பது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். பத்து மாதமும் குழந்தைக்கு உணவும் மூச்சுமாக இருந்த உறுப்புக்கு நஞ்சு என்று நம் முன்னோர் பெயரிட்டது விந்தைதான். பிள்ளை வெளியே வந்தபின் அது உள்ளே தங்கிவிட்டால் தாயின் உயிருக்கு உலை வைத்துவிடும். ஆகவே அப்பெயர் என்பர். காரணம் எதுவாயினும், நஞ்சுக்கொடி என்ற அந்தச் சொல்லுக்குக் கடந்த எண்பது ஆண்டுகளில் அவர்கள் நினைத்தும் பார்த்திராத இன்னொரு பொருள் வந்து சேர்ந்திருக்கிறது. அது சேர்ந்த கதையைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறேன்.

கருவுற்ற பெண்ணுக்கு நம் வீடுகளில் எத்தனை தடைகள்! கிரகணத்தன்று வெளியே வரக்கூடாது, பப்பாளி தின்னக்கூடாது, அந்தி மயங்கும் வேளையில் கிணற்றடிக்குப் போகக்கூடாது. இவற்றுள் பலவற்றைப் படித்தவர்கள் மூடநம்பிக்கை என்று ஒதுக்கினோம், ஒதுக்கியதில் தவறில்லை. ஆனால் தடைகளுக்கெல்லாம் அடியில் ஓர் எண்ணம் இருந்தது. தாயைத் தொடுவது பிள்ளையையும் தொடும் என்பதே அது. மேலை மருத்துவமோ நெடுங்காலம் இதற்கு நேர்மாறாக நம்பியிருந்தது. நஞ்சுக்கொடி ஒரு கோட்டைச் சுவர். தாயின் குருதியில் வரும் தீமைகளை வடித்து நிறுத்திவிடும். உள்ளே குழந்தை பத்திரமாக இருக்கும் என்று மருத்துவக் கல்லூரிகளில் கற்பித்தார்கள்.

அந்தச் சுவரில் முதல் விரிசலைக் காட்டியவர்கள் பேராசிரியர்கள் அல்லர். 1941ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவரிடம், பிறவியிலேயே கண்புரை கண்ட குழந்தைகள் அடுத்தடுத்து வந்தார்கள். அவருடைய காத்திருப்பு அறையில் இரண்டு தாய்மார்கள், தாங்கள் கருவுற்றிருந்தபோது தங்களுக்கு ஜெர்மன் மணல்வாரி கண்டதைப் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது என்பர். அதைத் தள்ளிவிடாமல் விசாரித்ததால்தான் அந்நோய்க் கிருமி கருவைத் தாக்கும் என்பது உலகுக்குத் தெரிந்தது. அப்போதும் சுவர் முற்றிலும் இடியவில்லை. கிருமி வேறு, மருந்து வேறு என்று நினைத்தார்கள். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடமைடு என்ற தூக்க மருந்து, கருவுற்ற பெண்களின் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்டது. 1961 இறுதியில் அது அங்கே நிறுத்தப்படுவதற்குள் பல நாடுகளில் ஏறத்தாழ பத்தாயிரம் குழந்தைகள் கையும் காலும் குறைந்து பிறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் மட்டும் பிரான்சஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, தந்த சான்று போதாது என்று கையெழுத்திட மறுத்துக்கொண்டே இருந்தார். அந்நாடு பெரும்பாலும் தப்பியது.

இதே காலத்தில் ஜப்பானின் மினமாட்டாவில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது ஒரு மீனவர் ஊர். அங்கிருந்த சிஸ்ஸோ என்னும் இரசாயன ஆலை தன் கழிவை விரிகுடாவில் விட்டது. அதிலிருந்த பாதரசம் மீனுக்கு ஏறியது. மீனிலிருந்து மனிதருக்கு வந்தது. கைகால் நடுங்கி, பேச்சுக் குழறி, கண் மங்கி மக்கள் விழுந்தார்கள். 1956இல் நோய் அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் மசாஸுமி ஹராடா என்ற இளம் மருத்துவர் அவ்வூரில் வீடு வீடாகச் சென்றுகொண்டிருந்தார். ஒரு வீட்டில் இரண்டு சிறுவர்கள். இருவருக்கும் ஒரே மாதிரி நோய். மூத்தவனுக்கு மினமாட்டா நோய், இளையவனுக்கு மூளைவாதம் என்று மருத்துவர்கள் எழுதியிருந்தனர். ஏனிந்த வேறுபாடு என்று அவர் கேட்டபோது தாய் விளக்கினார்: இளையவன் மீனே தின்றதில்லை, ஆகவே அவனுக்கு அந்நோய் இருக்க முடியாது என்கிறார்கள் மருத்துவர்கள், ஆனால் அவனைச் சுமந்தபோது மீன் தின்றவள் நான், என் உடம்பிலிருந்த நஞ்சைத்தான் அவன் வாங்கிக்கொண்டான். நஞ்சுக்கொடி நஞ்சைக் கடத்தாது என்று கற்றிருந்த ஹராடா முதலில் நம்பவில்லை. ஆனால் அண்டை வீடுகளிலும் அதே வயதில் அதே நோயோடு பிள்ளைகள். தாய்மார்களோ பெரும்பாலும் இலேசான உபாதையோடு தப்பியிருந்தார்கள். 1962 நவம்பரில் 16 குழந்தைகள் கருவிலேயே நோயுற்றவர்கள் என ஏற்கப்பட்டனர்.

ஜப்பானியருக்கு ஒரு வழக்கம் உண்டு. குழந்தையின் உலர்ந்த தொப்புள்கொடியைச் சிறு மரப்பெட்டியில் இட்டுப் பெயரும் நாளும் எழுதிப் பாதுகாத்து வைப்பார்கள். நாமும் அதைத் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் அரைஞாணில் கட்டியவர்கள்தாமே. ஹராடாவும் அவரோடு உழைத்தவர்களும் அந்தப் பெட்டிகளைக் கேட்டு வாங்கிச் சோதித்தார்கள். எந்த ஆண்டில் பிறந்த குழந்தையின் கொடியில் எவ்வளவு பாதரசம் என்பது தெரிந்துவிட்டது. 1975இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. ஆலையின் ஏடுகள் எதைச் சொல்ல மறந்தாலும், பரணிலிருந்த பெட்டிகள் மறக்கவில்லை.

பாதரசம் நரம்பைத் தின்னும் நஞ்சு. அதனால் விளையும் கேடு பிறந்த சில மாதங்களிலேயே கண்ணுக்குத் தெரியும். ஆனால் வேறொரு வகை உண்டு. பிறந்தபோது குழந்தை கொழுகொழுவென்றிருக்கும், பதினைந்து இருபது ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. உடலின் வளர்ச்சியையும் பருவ மாற்றத்தையும் நடத்திவைக்கும் ஹார்மோன்களைப் போல வேடமிட்டு வரும் பொருள்களின் கதை அது. 1938இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்ற விஞ்ஞானி, பெண்மைச் சுரப்பைப் போலவே வேலை செய்யும் ஒரு பொருளைச் செயற்கையாகச் செய்தார். டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்பது அதன் பெயர். வாயில் நுழைவது கடினம், டி.இ.எஸ். என்றே வழங்குவர். கருச்சிதைவைத் தடுக்கும் என்று அமெரிக்காவில் இலட்சக்கணக்கான பெண்களுக்கு அதைக் கொடுத்தார்கள். 1953இல் சிகாகோவில் நடந்த ஆய்வு, அதனால் பயனே இல்லை என்று காட்டியது. அதன் பிறகும் பதினெட்டு ஆண்டுகள் கொடுத்தார்கள்! (பயனில்லாத மருந்து கெடுதியும் செய்யாது என்று நம்பிவிடுவது மனித இயல்பு போலும்.) 1960களின் இறுதியில் பாஸ்டன் நகர மருத்துவர்கள், முதியவர்களுக்கு மட்டுமே அரிதாக வரும் ஒருவகைப் புற்றுநோயை இளம்பெண்களிடம் கண்டு திகைத்தார்கள். அங்கும் ஒரு தாய்தான் வாய் திறந்தார்: இவளைச் சுமந்தபோது நான் அந்த மாத்திரையை உட்கொண்டேனே, அதனால் இருக்குமோ? ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் அவருடைய தோழர்களும் தேடிப்பார்த்தபோது, எட்டுப் பெண்களில் எழுவரின் தாய்மார் அம்மருந்தை உட்கொண்டிருந்தனர். 1971 ஏப்ரலில் அது வெளியாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் கருவுற்றோருக்கு அது கூடாதென அமெரிக்க அரசு எச்சரித்தது.

மருந்தாகத் தெரிந்தே உட்கொண்டது இப்படி. தெரியாமலே உடம்பில் சேர்பவை? இதைக் கேட்டவர் தியோ கோல்பர்ன் என்ற அம்மையார். மருந்தாளுநராக வாழ்ந்து, 58ஆம் வயதில் முனைவர் பட்டம் பெற்றவர். வட அமெரிக்காவின் பேரேரிகளில் பறவைக் குஞ்சுகள் கோணிய அலகோடு பிறப்பதையும், பறவைகள் கூட்டை விட்டுப் போவதையும் பற்றிய நூற்றுக்கணக்கான ஆய்வுகளை ஒன்றாக அடுக்கிப் பார்த்தவர். 1991இல் அவர் கூட்டிய மாநாட்டில் 21 அறிஞர்கள் கூடினர். பூச்சிமருந்துகள், பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் பொருள்கள், குப்பை எரியும்போது உண்டாகும் டையாக்சின்கள் ஆகியவற்றில் பல, உடலின் ஹார்மோன்களைக் குலைக்கின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு.

இது எப்படி நிகழ்கிறது? ஹார்மோன்கள் உடலில் மிகமிக நுண்ணிய அளவில் பணி செய்பவை. குளத்தில் கரைத்த ஒரு சிட்டிகை உப்பைப் போன்ற அளவு. ஆண்குழந்தையின் உறுப்புகள் ஏறத்தாழ எட்டாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரத்துக்குள் அச்சுரப்பின் ஆணைப்படி உருப்பெறுகின்றன. மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராய்டுச் சுரப்பையோ, கரு தானே போதிய அளவு உண்டாக்கிக்கொள்ளும் வரை, முதற்பாதிக் காலத்தில் தாயிடமிருந்தே பெறுகிறது. அந்நேரத்தில் தாயின் குருதியில் ஓடும் அந்நியப் பொருள் ஒன்று, பொய்ச் சாவி பூட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்தால், வளர்ந்த மனிதனுக்கு ஒன்றும் செய்யாத அளவே கருவுக்குப் பெருங்கேடாகலாம். நஞ்சின் அளவு மட்டும் கணக்கில்லை. அது வந்து சேர்ந்த வாரமும் கணக்கு.

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள் என்று வாசகர் எண்ண வேண்டாம். நம்மில் முதியவர்களுக்கு மலேரியாக்காரர் வந்து வீட்டுச் சுவரில் மருந்தடித்துத் தேதி எழுதிவிட்டுப் போனது நினைவிருக்கும். 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாத் திட்டத்தில் டி.டி.டி. ஊர் ஊராகத் தெளிக்கப்பட்டது. அது எண்ணற்ற உயிர்களைக் காத்தது என்பதை மறைக்கலாகாது. அதையும் பி.எச்.சி. எனும் பூச்சிமருந்தையும் வயல்களிலும் அள்ளி இறைத்தோம். 1980களில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் நிலையத்தாரும், ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து வெள்ளாற்றுப் பகுதியில் நீர், காற்று, மீன், நெல்வயல் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். வயலில் இட்ட பி.எச்.சி.யின் பெரும்பகுதி நம் வெயிலில் ஆவியாகிக் காற்றோடு போய்விடுவதைக் கண்டார்கள். 1990இல் அவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, தென்னிந்தியத் தாய்மாரின் பாலில் அவ்விரு பூச்சிமருந்துகளும் மிகுந்திருப்பதைக் காட்டியது. தாயின் கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது கருவிலும் பின்னர் பாலிலும் பிள்ளைக்கு இறங்குகிறது. முதற்பிள்ளைக்கே பெரும்பாலும் கூடுதலான பங்கு. வேளாண்மையில் டி.டி.டி.க்கு 1989இல் தடை வந்தது, பி.எச்.சி. 1997இல் ஒழிந்தது.

அடுத்த செய்தி சென்னையின் தென்கோடியிலிருந்து. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பெருங்குடிக் குப்பைமேடு பல்லாண்டு புகைந்துகொண்டிருந்தது. அங்கே வாழ்ந்த தாய்மாரின் பாலில் டையாக்சின் வகைப் பொருள்கள், குப்பைமேட்டுக்குத் தொலைவில் வாழ்ந்த தாய்மாரின் பாலில் இருந்ததைவிட வெகுவாகக் கூடியிருப்பதை எஹிமே ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டார்கள். கம்போடியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் நாடுகளின் குப்பைமேடுகளையும் அவர்கள் பார்த்திருந்தனர். பெருங்குடி அவற்றை விஞ்சி நின்றது. ஏன்? குப்பைமேட்டில் மேய்ந்தன பசுக்கள். எரிந்த குப்பையின் நஞ்சு மாட்டின் கொழுப்பில் சேர்ந்து, கறந்த பாலில் வந்து, அதைக் குடித்த தாயின் உடலில் தங்கியது. கருவுற்ற மகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்த அன்பான கைகளுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இத்தனைக்குப் பிறகும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை; அதன் நன்மை மிகப் பெரிது. நிறுத்த வேண்டியது புகையை.

டையாக்சின் கருவுக்குச் செய்வது என்ன என்பதை இத்தாலியின் செவேசோ ஊர் காட்டியது. 1976 ஜூலை 10 அன்று அங்கே ஓர் ஆலையிலிருந்து நச்சுமேகம் பரவியது. அன்று சிறுமியராகவும் இளம்பெண்களாகவும் இருந்தவர்கள் வளர்ந்து, மணம் முடித்து, இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் பெற்ற குழந்தைகளின் தைராய்டுச் சுரப்பில் மாறுதல் இருப்பதை 2008இல் வெளியான ஆய்வு கண்டது. குழந்தை பிறந்ததும் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு துளி இரத்தத்தின் பதிவுகளே அதற்குத் துணை. எந்தப் பெண் அன்று எந்தத் தெருவில் குடியிருந்தாள் என்பதும் எழுதி வைக்கப்பட்டிருந்தது.

நம் அண்டை மாநிலத்தில் அப்படி எழுதிவைக்க யாருமில்லாமல் நடந்ததுதான் காசர்கோடு. கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகளில் தேயிலைக் கொசுவை ஒழிக்க, 1970களின் பிற்பகுதி முதல் 2000 வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. மலைச்சரிவிலுள்ள தோட்டத்தில் விழுந்த மருந்து ஓடைகளில் வழிந்து அடிவாரத்திலுள்ள பத்ரே போன்ற ஊர்களுக்கு வந்தது. முதலில் கன்றுகள் கால் கோணிப் பிறந்தன. பிறகு மனிதக் குழந்தைகள். அவ்வூர் மருத்துவர் மோகன குமார் தம்மிடம் வரும் நோயாளிகளின் நிலை கண்டு ஐயுற்று எழுதினார். ஸ்ரீபத்ரே என்ற செய்தியாளர் எழுதினார். வேளாண்துறை ஊழியரான லீலாகுமாரி அம்மா நீதிமன்றப் படியேறினார். தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் பத்ரேயின் 117 ஆண்பிள்ளைகளை, மருந்து படாத வேறோர் ஊரின் 90 பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பத்ரேப் பிள்ளைகளின் இரத்தத்தில் எண்டோசல்பான் கூடியிருந்தது. பருவ வளர்ச்சி தாமதப்பட்டிருந்தது. ஆண்மைச் சுரப்பு குறைந்திருந்தது. 2003இல் வெளியான அந்த ஆய்வு சிறியதுதான். குறை கூறியவர்களும் உண்டு. ஆயினும் ஹார்மோன் குலைவு என்ற சொல்லுக்கு இந்திய மண்ணில் ஓர் ஊரின் பெயர் கிடைத்துவிட்டது. 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானை நாடு முழுவதும் தடுத்து நிறுத்தியது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஐந்து இலட்சம் ரூபாய் வழங்கக் கேரள அரசுக்கு ஆணையிட்டது. கன்றுகள் கோணிப் பிறந்த நாளிலிருந்து கணக்கிட்டால் ஒரு தலைமுறைக்கும் மேல்.

இனி நம் வட எல்லைக்கு வருவோம். மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி இரயிலில் ஏறினால் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி தாண்டிக் கொசத்தலையாறும் ஆரணியாறும் வளம் செய்த நிலத்தின் வழியே போகிறோம். ஒருபுறம் பழவேற்காட்டு ஏரி. மறுபுறம் செங்கற் சூளைகள். 1971இல் உருவான சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பேட்டை கும்மிடிப்பூண்டியின் முகத்தை மாற்றியது. பழைய இரும்பை உருக்கிக் கம்பி வார்க்கும் உலைகள், இரசாயன ஆலைகள், அபாயகரமான கழிவுகளைப் புதைக்கும் நிலம் என எல்லாம் அங்கே உண்டு. தெற்கே, நெடுங்காலம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த மணலி, 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த கணக்கில் 76.32 புள்ளிகள் பெற்று, நாட்டின் கடுமையாக மாசுபட்ட 43 தொழில்வட்டாரங்களுள் ஒன்றாயிற்று. 2010இல் அங்கே புதிய ஆலைகளுக்குச் சிலகாலம் தடையும் வந்தது.

கும்மிடிப்பூண்டியில் கருவிலிருக்கும் குழந்தைகளுக்கு இன்ன கேடு நேர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சான்றில்லாமல் ஓர் ஊரைப் பழித்தல் ஆகாது. அந்த ஆலைகளால் அடுப்பெரியும் வீடுகள் ஆயிரமாயிரம், அதையும் அறிவேன். ஆனால் டையாக்சின் எங்கெங்கே உண்டாகக்கூடும் என்று ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை தரும் பட்டியலில் உலோகங்களைச் சூட்டால் உருக்கிப் பிரிக்கும் தொழில்கள் உண்டு. செம்புக்காகக் கம்பிகளின் உறையைப் பொசுக்குவதும், திறந்தவெளியில் குப்பை எரிப்பதும் உண்டு. இந்தியா 2006இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை அது. ஆகவே கேள்வி கேட்கும் உரிமை அவ்வூர்த் தாய்மாருக்கு இருக்கிறது. கேட்டால் விடை சொல்ல எது இருக்கும்? சிட்னியில் இருவர் பேச்சு இருந்தது. மினமாட்டாவில் கொடிப்பெட்டி இருந்தது. செவேசோவில் துளி இரத்தமும் தெருப்பெயரும் இருந்தன. தமிழ்நாட்டில் 2008 முதல் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணையும் பிக்மி எனும் பதிவேட்டில் எண்ணிட்டுச் சேர்க்கிறார்கள். வீடு தேடி வரும் கிராம சுகாதாரச் செவிலியர்களின் உழைப்பு அது. அந்த எண்ணோடு, தாய் கருவுற்ற காலத்தில் எங்கே வேலை செய்தாள், எந்தக் கிணற்று நீரைக் குடித்தாள், யார் வீட்டுப் பாலை வாங்கினாள் என்று இரண்டு வரி எழுதிச் சேர்த்துவைத்தால், இருபது ஆண்டு கழித்து வரும் ஒரு ஹராடாவுக்கு அது பேருதவியாகும்.

என் தமக்கையின் பேத்திக்குச் சென்ற ஆண்டு பொன்னேரியில் தலைப்பிரசவம். அவள் கணவனுக்குத் தொழிற்பேட்டையில்தான் வேலை. பதினோராம் நாள் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தேன். தொப்புள்கொடி காய்ந்து விழுந்திருந்தது. 'இந்தக் காலத்திலும் தாயத்தெல்லாம் கட்டணுமா, தாத்தா?' என்று அவள் சிரித்தாள். 'கட்டாவிட்டால் போகிறது, தூக்கி எறியாதேயம்மா' என்றேன். வெள்ளித் தாயத்து வாங்கும் வரை அதை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தாள். மூடியின்மேல் ஒட்ட ஒரு துண்டுக் காகிதம் கேட்டு வாங்கி, குழந்தையின் பெயரையும் நாளையும் எழுதினேன். கீழே கொஞ்சம் இடமிருந்தது. அவள் சொல்லச் சொல்ல, அவள் குடியிருந்த தெருவையும் குடித்த தண்ணீரையும் எழுதினேன்.